நான்காம் வீட்டுத் தேநீர்

குக்-மோய் அக்காவின் உடம்பில் மேல்பாதியைத்தான் ஊர் அதிகம் பார்த்திருக்கும். கீழ்ப்பாதி எப்போதும் தண்ணீருக்குள். எங்கள் மேய்நோங் ஊரின் குளங்களில் அல்லித்தண்டு எடுக்கிறவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான். நெஞ்சுவரை ஏறும் ரப்பர் உடுப்பை மாட்டிக்கொண்டு இறங்கி, தண்டைக் கண்ணால் தேடாமல் கையால் தேடி, அடியில் கிள்ளி இழுப்பார்கள். ஆளைவிட நீளமான பச்சைத் தண்டு வளைந்து வளைந்து மேலே வரும். அங்கேயே அலசி, சுருட்டி, கட்டாக்கித் தள்ளிவிட்டால் கட்டு தானாகக் கரைக்கு மிதந்து போகும். பனிக்காலத்துக் காலையில் கரையில் நின்று பார்த்தால் குளமும் தெரியாது, ஆளும் தெரியாது. வெண்மைக்குள் கூம்புத் தொப்பிகள் மட்டும் மெல்ல நகரும். பேச்சு எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாது. எனக்கு மட்டும் அக்காவின் தொப்பி எது என்று தெரியும். மற்றவை பேச்சுக்காக ஒன்றையொன்று நோக்கிச் சாயும். அவருடையது சாயாது.

அக்கா எங்கள் தெருவிலேயே பிறந்தவர், நான்காவது வீட்டில். நான் வாழ்க்கைப்பட்டு வந்தது ஐந்தாவது வீட்டுக்கு. நடுவில் ஒரே சுவர். அவர் வீட்டில் கெட்டில் விசிலடித்தால் என் வீட்டில் பூனை எழுந்து உட்காரும்.

தெருவை ஒட்டியே கால்வாய் ஓடுகிறது. இரண்டும் கிழக்கே போய் பெரிய தாத்தாவிடம் முடிகின்றன. மண்ணைக் காக்கிற சாமியை, சீன வழி வந்த ஹக்கா ஜனங்கள் நாங்கள் அப்படித்தான் கூப்பிடுகிறோம். சிலையெல்லாம் கிடையாது. கற்பூர மரத்தடியில் நிமிர்ந்து நிற்கிற ஒரு கல், அதன் முதுகில் புல் மூடிய மேடு, முன்னால் மூன்று சின்னக் கிண்ணங்கள். விடிந்ததும் சருகைக் கூட்டி, ஊதுபத்தி ஏற்றி, அந்தக் கிண்ணங்களில் சூடாகத் தேநீர் ஊற்ற வேண்டும். ஒரு நாள்கூட விட்டதில்லை. வெள்ளம் வந்த வருடத்தில் தொட்டியில் உட்கார்ந்து மிதந்து போய் ஊற்றினார்கள் என்று சொல்வார்கள். அதை மட்டும் நான் நம்பவில்லை.

யார் ஊற்றுவது என்பதை முறைப்பலகை சொல்லும். உள்ளங்கை அகலத்தில் ஒரு கற்பூர மரத் துண்டு. எழுத்தெல்லாம் விரல் பட்டுத் தேய்ந்து, எண்ணெய் தடவியதாக மின்னும். அதற்காக ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் ஓர் ஆணி உண்டு. காலையில் தேநீர் ஊற்றிய வீட்டார், விளக்கு வைக்கிற நேரத்தில் பலகையை எடுத்துப்போய் அடுத்த வீட்டு ஆணியில் மாட்டுவார்கள். அது தண்ணீர் போகிற பக்கமாகத்தான் போகும், பின்னால் வராது. ஒரு கதவில் ஏறிவிட்டால், அந்தக் கதவுக்காரர் தேநீர் ஊற்றும்வரை அதை இறக்கக் கூடாது. கடைசி வீட்டுக்கு அப்புறம் சுற்றிக்கொண்டு முதல் வீட்டுக்கு வரும். இவ்வளவுதான் சட்டம். இன்னொன்றும் உண்டு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அக்காவை வாழைக்காய் வியாபாரி ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பக்கத்து ஊர்தான், ஆனால் பேச்சு வேறு. "ஹக்காக்காரி, மாடு மாதிரி உழைப்பா" என்று மாமியார் அக்கம்பக்கத்தில் பெருமை அடித்துக்கொண்டாராம். "மாட்டுக்குக் காலைல கொஞ்சம் வைக்கோலாவது போடுவாங்க" என்று அக்கா என்னிடம் சொல்வார். பிள்ளை இல்லை. சில வருடங்கள் போனதும் வியாபாரி துறைமுகத்துப் பக்கம் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார். அக்கா சண்டை போடவில்லை. தான் உப்பு போட்டு வெயிலில் காயவைத்துப் பதப்படுத்திய முள்ளங்கி ஊறுகாய் ஜாடியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

"நகையை விட்டுட்டு ஜாடியைத் தூக்கிட்டு வந்தீங்களாக்கா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"நகை அவங்க போட்டது. முள்ளங்கி நான் போட்டது."

அந்த ஊறுகாய் இப்போது கரிக்கட்டை நிறத்தில் இருக்கிறது. எனக்குத் தொண்டை கட்டினால் ஒரு துண்டு போட்டு சூப் வைத்துக் கொடுப்பார். அந்தக் கல்யாணத்தால் வந்ததில் எனக்குத் தெரிந்த ஒரே நல்ல விஷயம் அது.

அவர் திரும்பி வந்தபோது அப்பா படுக்கையில் இருந்தார். தம்பி குவெட்-ஷின் வடக்கே தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டான். வீடு அவன் பேரில். பூட்டிக் கிடப்பதற்குப் பதில் அக்கா இருக்கட்டும் என்று அவன் சொன்னான், மனமாரத்தான் சொன்னான். அப்பா இருந்தவரை பலகை நான்காம் வீட்டுக்கு வந்தது. அக்கா அப்பா பேரைச் சொல்லி ஊற்றினார். அப்பா போய், துக்க நாட்களும் முடிந்து, முதல் தடவை முறை வந்த மாலையில் அக்கா வாசலில் விளக்கைப் போட்டுவிட்டு நின்றார். மூன்றாம் வீட்டு வூ பலகையோடு வந்தார். "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டே கடந்துபோய் எங்கள் கதவில் மாட்டினார். அவர் மனதில் ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது. கட்டிக்கொடுத்த பெண் பிறந்த வீட்டில் விருந்தாளி. விருந்தாளி கதவில் பலகை மாட்டுவார்களா? இதுதான் யாரும் சொல்லாத சட்டம். அக்கா உள்ளே போனார். அப்புறம் பின்பக்கம், காலைத் தேநீருக்கு எடுத்துவைத்திருந்த தண்ணீரைக் கொட்டுகிற சத்தம் கேட்டது.

கதவிலிருந்த ஆணியை மட்டும் அவர் பிடுங்கவில்லை. வருடா வருடம் கதவுக்குச் சிவப்புக் காகிதம் ஒட்டும்போது அந்த ஆணியைச் சுற்றி வட்டமாகக் கத்தரித்து ஒட்டுவார். அதில் தொப்பிகூட மாட்டியதில்லை.

வேடிக்கை என்னவென்றால், தெருவில் பாதி நாள் தேநீர் ஊற்றியதே அவர்தான். இளையவர்களெல்லாம் நகரத்துக்குப் போய்விட்டார்கள். இருக்கிறவர்களுக்கு முட்டிவலி. எனக்கு நூடுல்ஸ் கடை. விடியுமுன் அரிசிமாவைக் கரைத்து, தட்டில் ஊற்றி, ஆவியில் வேகவைத்து, உரித்து, நறுக்க வேண்டும். என் முறை வந்தால் சுவர் வழியாகவே கத்துவேன்.

"அக்கா, நாளைக்கு எங்க முறை!"

"கேக்குது, கேக்குது. சுவர் பேர்ந்துடப் போகுது."

குளத்துக்குப் போகிற வழியில் ஊற்றிவிட்டுப் போவார். ஆனால் சொல்ல வேண்டியதைச் சரியாகச் சொல்வார். "தாத்தா, இன்னைக்கு வூ வீட்டு டீ." "தாத்தா, இன்னைக்கு லோ வீட்டு டீ." பூட்டிக் கிடக்கிற வீடுகளுக்குக்கூட அந்தந்தப் பேரைச் சொல்லி ஊற்றியிருக்கிறார். தன் பேரை மட்டும் அவர் ஒரு நாளும் அங்கே சொன்னதில்லை.

போன குளிர்காலத்தில் ஒரு நாள் துணி துவைக்கிற துறையில் இருந்தோம். கால்வாய்க்குள் இறங்கி நின்று, கரைக்கல்லில் துணியை வைத்துக் கும்முகிற இடம். எல்லார் வீட்டிலும் வாஷிங் மெஷின் இருக்கிறது. இருந்தும் வருவோம். மெஷினோடு பேச முடியாது. லோ தெட்-ஹின் அண்ணனின் மனைவி சியுக்-லான் செய்தி கொண்டுவந்திருந்தார். தெட்-ஹின் அண்ணன் மருந்துக்கடை வைத்திருப்பவர், அந்த வருடத்துக்குச் சாமி காரியங்களுக்குத் தலைவர்.

"முறைப்பலகையை டவுன் ஆபீஸ்காரங்க கண்ணாடிப் பெட்டில வைக்கப் போறாங்களாம். பழைய புகையிலை ஆபீஸ் இருக்குல்ல, அதைப் பெயின்ட் அடிச்சு, பாரம்பரியத் தெருன்னு போர்டு வெச்சு..."

"அப்ப டீக்கு?" என்றேன்.

"அச்சு அசலா அதே மாதிரி ஒண்ணு செஞ்சு தருவாங்க. அவர் சரின்னுட்டார். வருஷக் கடைசிப் பூசை முடிஞ்சதும் வந்து எடுத்துட்டுப் போவாங்க."

அக்கா ஒரு சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார். பிழிந்து முடித்த சட்டையை மறுபடி பிழிந்தார்.

"அதுக்குள்ள இன்னும் எத்தனை சுத்து வரும்?"

"ஒரு சுத்துதான். ஏன், உனக்கென்ன அதுல?"

"ஒண்ணுமில்ல. கேட்டேன்."

அன்று மத்தியானமே அவர் மருந்துக்கடைக்குப் போயிருக்கிறார். தோள்பட்டைக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி வாங்குகிற சாக்கில் கேட்டுவிட்டார். மாலை என் கடையில் நூடுல்ஸ் கிண்ணத்தை முன்னால் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல், நடந்ததைச் சொன்னார்.

"கடைசிச் சுத்துல ஒரே ஒரு நாள் என் கதவுக்கு வரட்டுமே அண்ணேன்னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"பொண்ணு பொறந்த வீட்ல விருந்தாளிம்மா, விருந்தாளியை வேலை வாங்கினா நல்லாவா இருக்கும்னார். நல்லாத்தான் சொன்னார். பிளாஸ்திரிக்குக் காசு வாங்கல."

"கோவமா இருக்கா?"

"பலகை அப்பா கையில, அவங்கப்பா கையிலன்னு வந்தது. நானும் அதைத் தொட்டிருக்கேன், எத்தனையோ தடவை. உங்க கதவுலேர்ந்து எடுத்து அடுத்த கதவுல மாட்டியிருக்கேன். அப்பா போனப்புறம் என் கதவைப் பாத்து அது ஒரு தடவைகூட வரல. இனிமே கண்ணாடிக்குள்ள போயிடும். அப்புறம் டூப்ளிகேட்தான் வரும். வந்தா என்ன, வராட்டி என்ன." கிண்ணத்தைப் பார்த்தார். "வெங்காயம் கருகிப் போச்சு இன்னைக்கு."

கருகத்தான் கருகியிருந்தது.

பலகை மேற்கேயிருந்து வந்துகொண்டிருந்தது. மூன்றாம் வீட்டு வூவுக்கு முட்டி அறுவைச்சிகிச்சை, ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். மகன் கப்பல் பட்டறையில். வீட்டில் இருந்தது மருமகள் ஃபுய்-லின் மட்டும். இந்தோனேசியாவின் சிங்காவாங்கிலிருந்து வந்தவள், அங்கேயும் ஹக்கா ஜனம்தான். எங்களைவிட வேகமாக, கொஞ்சம் பாட்டுப் பாடுகிற மாதிரி பேசுவாள். அவள் தனியாக முறை செய்தது அதுதான் முதல் தடவை. காலையில் அழகாகச் செய்தாள். நான் எட்டிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னேன். மாலையில் பலகையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறாள். அடுத்து எங்கள் முறை. நான் முன்தினமே சுவர் வழியாகக் கத்தியாகிவிட்டது. ஆகவே பலகை வந்ததா என்று கதவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அக்காவும் குளத்திலிருந்து ஈர உடுப்போடு பின்வாசல் வழியாகத்தான் வருவார்.

மறுநாள் விடியலில் அப்படி ஒரு பனி. நான் மாவுத் தட்டை ஆவியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். வெளியே போன என் கணவர் கிம்-ஃபா திரும்பி வந்து நிலைப்படியில் நின்றார்.

"குக்-மோய் அக்கா வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காந்திருக்காங்க."

"டீ ஊத்திட்டாங்களா?"

"கெட்டில் பக்கத்துல இருக்கு. மூடி மேல ஆவி வருது."

"அப்ப பலகை?"

"தலைக்கு மேல இருக்கு."

"யார் தலைக்கு மேல?"

"அவங்க தலைக்குத்தான். அவங்க கதவுல தொங்குது."

மாவுக் கையோடு ஓடினேன். பனி எங்கள் இரண்டு வாசலுக்கும் நடுவில் கால்வாயிலிருந்து ஏறிக்கொண்டிருந்தது. கதவின் சிவப்பு மட்டும் தெரிந்தது. அதன் நடுவில், வட்டமாக வெட்டிய இடத்தில், அந்தப் பலகை. அக்கா அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார், போட்டோவுக்கு உட்கார்ந்தவர் மாதிரி.

"நான் மாட்டல. அதை முதல்ல சொல்லிடறேன்" என்றார்.

"தெரியும்க்கா. இருட்டுல கதவு மாறிப்போச்சு... எங்க முறைதானே. நீங்க எப்பவும் போல எங்க பேரைச் சொல்லி ஊத்திடுங்க, சாயந்திரம் நான் எடுத்துப்போய் ஆறாம் வீட்ல மாட்டிடறேன். யாருக்குத் தெரியப் போகுது?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்குக் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது.

"உங்க முறைன்னா அது உங்க கதவுல இருந்திருக்கும், யுன்-மின்."

அதற்குள் ஃபுய்-லின் வந்துவிட்டாள். பின்னாலேயே சியுக்-லான், தோளில் துண்டோடு.

"நான்தான் மாட்டினேன். தப்பா?"

"ஏம்மா, யார் இங்க மாட்டச் சொன்னது?" என்றார் சியுக்-லான்.

"யாரும் சொல்லல பெரியம்மா. தண்ணி போற பக்கம், ஆணி இருக்கற அடுத்த கதவுன்னு மாமா சொன்னார். ஆணி இருந்துச்சு. நான் வந்த நாள்லேர்ந்து பாக்கறேன், தினம் டீ கொண்டு போறது இவங்கதான். இவங்க கதவுக்கு வராதா?"

"வராது. இதைக்கூடவா ஒருத்தர் சொல்லிக் குடுப்பாங்க?"

"சொல்லாட்டி எனக்கு எப்படிப் பெரியம்மா தெரியும்?"

கிம்-ஃபா இருமுகிற மாதிரி சிரித்தார்.

தெட்-ஹின் அண்ணன் செருப்பைத் தேய்த்துக்கொண்டு வந்தார். விஷயத்தைக் கேட்டார். பலகையைத் தொடக் கை தூக்கி, தொடாமல் இறக்கினார். பின்னால் போகாத பலகை, ஊற்றாமல் இறங்காத பலகை. அவர் காத்துவந்த சட்டமே அவரை மாட்டிவிட்டது.

"குக்-மோய், யுன்-மின் வீட்டுப் பேரைச் சொல்லி ஊத்திடும்மா. பேச்சில்லாம முடிஞ்சிடும்."

"இல்ல அண்ணே."

"சரி, உன் தம்பி பேரு. வீடு அவன் பேர்ல தானே?"

"அவன் பேர்னா அவன் வந்து ஊத்தட்டும். ரயில் ஓடுது."

"அப்ப என்னதான் சொல்றே?"

"நான் ஒண்ணுமே சொல்லல. யாரோட டீன்னு நீங்க சொல்லுங்க, ஊத்தறேன். எல்லா வீட்டு டீயும் சொல்லி ஊத்தியிருக்கேன், காலி வீட்டு டீகூட. இன்னைக்கு என் கதவுல தொங்குது. என்ன சொல்லி ஊத்தறதுன்னு நீங்க சொல்லணும். பொய் சொல்லி ஊத்த மாட்டேன்."

அவர் குரலை உயர்த்தவில்லை. ஸ்டூலிலிருந்து எழுந்திருக்கவும் இல்லை. கால்வாய் சலசலத்தது. எங்கேயோ ஒரு சேவல் தாமதமாகக் கூவியது. நாங்கள் நின்றிருந்த இடத்துக்கு வெளியே தெருவே இல்லாத மாதிரி இருந்தது. வீடுகள், கூரைகள், மலை, எல்லாவற்றையும் பனி எடுத்துக்கொண்டு, இந்தச் சிவப்புக் கதவை மட்டும் விட்டுவைத்திருந்தது. பெரிய தாத்தா கிழக்கே காலிக் கிண்ணங்களோடு உட்கார்ந்திருப்பார் என்ற நினைப்பு எல்லோருக்கும் ஒரே சமயத்தில் வந்திருக்க வேண்டும்.

"அவரையே கேட்டுடலாம்" என்றார் தெட்-ஹின் அண்ணன்.

எல்லோரும் நடந்தோம். அக்கா கெட்டிலைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். கற்பூர மரத்திலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் கோட்டுப் பையிலிருந்து பிறைக்கட்டைகளை எடுத்தார். பிறை வடிவத்தில் இரண்டு மரக்கட்டைகள், ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் உருண்டை. கேட்டுவிட்டுக் கீழே போட வேண்டும். ஒன்று தட்டையும் ஒன்று உருண்டையுமாக விழுந்தால் சரி என்று அர்த்தம். இரண்டும் உருண்டை தெரிந்தால் இல்லை. இரண்டும் தட்டை தெரிந்தால் தாத்தா சிரிக்கிறார், மறுபடி போட வேண்டும்.

"தாத்தா, இன்னைக்கு அஞ்சாம் வீட்டு டீதானே?"

இரண்டும் உருண்டை. எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது, ஏன் என்று தெரியவில்லை.

"தாத்தா, நாலாம் வீட்டு மகன் குவெட்-ஷின் டீயா?"

இரண்டும் தட்டை.

"சிரிக்கிறார்" என்றார் கிம்-ஃபா.

"எனக்கும் கண்ணு தெரியுது" என்றார் அண்ணன்.

மறுபடி போட்டார். தாத்தா மறுபடி சிரித்தார். அண்ணன் காலை மாற்றி வைத்தார், முட்டி சொடுக்கியது. மூன்றாவது கேள்வியை அவர் சத்தமாகக் கேட்கவில்லை. ஆனால் பக்கத்தில் நின்ற எங்களுக்குக் கேட்டது. "அப்ப, அவளோட டீயேதானா?"

கை வேர்த்திருந்ததோ என்னவோ. ஒரு கட்டை கல்லின் முன்னால் உருண்டைப் பக்கம் மேலாக விழுந்தது. இன்னொன்று கல்லில் பட்டுத் துள்ளி, ஓரத்தில் உருண்டு, கால்வாய்க்குள் போய் விழுந்தது.

எல்லோரும் ஓடிப்போய் எட்டிப் பார்த்தோம். முந்தைய நாள் மேலே யாரோ வயலுக்குத் தண்ணீர் திருப்பியதில் கால்வாய் கலங்கலாக இருந்தது. ஒன்றும் தெரியவில்லை.

அக்கா கெட்டிலைக் கீழே வைத்தார். செருப்பைக் கழற்றி, பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். தண்ணீரைப் பார்க்கவே இல்லை. முகத்தை மரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டு, தோள்வரை கையை விட்டு, தண்டு தேடுகிற மாதிரியே தேடினார். தண்ணீருக்குள் அந்தக் கை என்ன செய்கிறது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. ஒரு கணம் அசையாமல் நின்றார். பிறகு கட்டையை எடுத்து மேலே நீட்டினார்.

கல்லின் முன்னால் கிடந்தது உருண்டை. தண்ணீருக்குள் கிடந்தது தட்டையாக இருந்திருந்தால் அக்கா கேட்டது கிடைத்துவிட்டது. உருண்டை என்றால் இல்லை.

தெட்-ஹின் அண்ணன் குனிந்தார். "எப்படிக் கிடந்துச்சு?"

எந்தப் பக்கம் என்று தெரிந்திருக்கக்கூடியது ஊரிலேயே ஒரே ஒரு கைக்குத்தான். அவர் என்ன சொன்னாலும் நாங்கள் நம்பியிருப்போம். நம்ப வேண்டும் என்று நான் தயாராகவே இருந்தேன்.

"தெரியல அண்ணே" என்றார் அக்கா. "சேத்துல செருகி, நட்டுக்குத்தா நின்னுட்டிருந்துது. எந்தப் பக்கமும் இல்ல."

"நிஜமாவா?"

"தட்டையா கிடந்துச்சுன்னு சொல்லணும்னு இருந்தா நான் ஏன் இவ்வளவு நேரம் குளுர்ல நிக்கறேன்?"

அண்ணன் கட்டையை வாங்கி, சட்டையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். கிம்-ஃபா, "தண்ணில விழுந்தது செல்லாது, திரும்பப் போடுங்க அண்ணே" என்றார்.

"போட மாட்டேன்." இரண்டு கட்டைகளையும் பைக்குள் போட்டுக்கொண்டார். "ரெண்டு தடவை சிரிச்சார். மூணாவது தடவை கட்டையைக் கொண்டுபோய் அவ வேலை பாக்கற எடத்துல போட்டுட்டார். இதுக்கு மேல வயசான மனுஷனைப் போட்டு நச்சரிக்கக் கூடாது." பிறகு அக்காவைப் பார்க்காமல், கல்லைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "டீ ஊத்தும்மா."

"யார் பேர்ல?"

"உன் கதவு, உன் வாய். என்னைக் கேக்காதே."

அக்கா கரையேறினார். கெட்டிலைத் தொட்டுப் பார்த்தார்.

"ஆறிப் போச்சு" என்றார்.

"பரவாயில்ல, ஊத்து. வெயிலே வரப் போகுது."

"ஆறின டீயை எங்க வீட்டு டீன்னு குடுக்கறதா?"

கெட்டிலைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தார். பனிக்குள் போய்விட்டார். நாங்கள் அத்தனை பேரும் மரத்தடியில் காத்து நின்றோம். சியுக்-லான் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டார். என் கடையில் ஆவிச்சட்டி தண்ணீர் வற்றி அடிப்பிடித்துக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. போகவில்லை. ஃபுய்-லின் அதற்குள் சருகையெல்லாம் கூட்டி முடித்துவிட்டாள். தூரத்தில் அந்தக் கெட்டிலின் விசில் கேட்டது. என் வீட்டில் பூனை எழுந்து உட்கார்ந்திருக்கும்.

திரும்பி வந்தபோது அக்கா வேறு சட்டை போட்டிருந்தார். வேறு ஒன்றும் விசேஷமில்லை. ஊதுபத்தி ஏற்றினார். மூன்று கிண்ணங்களையும் முதலில் வெந்நீர் விட்டுக் கழுவினார். அப்புறம் ஊற்றினார். ஆவி எழுந்து பனியோடு கலந்தது. எது ஆவி, எது பனி என்று தெரியவில்லை.

"தாத்தா, நாலாம் வீடு. நான் குக்-மோய். இன்னைக்கு எங்க வீட்டு டீ."

வூ வீட்டு டீ, லோ வீட்டு டீ என்று சொல்வாரே, அதே குரலில்தான் சொன்னார். மூக்கை மட்டும் புறங்கையால் துடைத்துக்கொண்டார். தண்ணீரில் நின்றதால் சளி பிடித்திருக்கலாம்.

அன்று அவர் குளத்துக்குப் போகவில்லை. பலகை கதவில் தொங்க, கதவை விரியத் திறந்துவைத்து, வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்து வெங்காயத்தாள் ஆய்ந்தார். அவ்வளவு வெங்காயத்தாள் ஒரு ஆளுக்கு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. போகிறவர் வருகிறவர் எல்லோரும் ஏதாவது ஒன்று சொல்லிவிட்டுப் போனார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் பலகையைக் கழற்றி, சட்டை நுனியால் ஒரு தடவை துடைத்து, எங்கள் கதவில் கொண்டுவந்து மாட்டினார்.

"நாளைக்கு உங்க முறை."

"அக்கா, நாளைக்குக் கொஞ்சம்..."

"எனக்குக் குளத்துல வேலை கிடக்கு. ஒரு நாள் வேலை பாக்கி." இரண்டு அடி போய்த் திரும்பினார். "மாவை ராத்திரியே கரைச்சு வெச்சுடு. சரியா வரும்."

அப்படியாக நான் பல வருடங்களுக்குப் பிறகு கெட்டிலைத் தூக்கிக்கொண்டு விடியலில் கிழக்கே நடந்தேன். எத்தனையோ தடவை நடந்த தெருதான், ஆனாலும் காலில் செருப்பில்லாதது மாதிரி உணர்ந்தேன். கல்லின் முன்னால் நின்றதும் என்ன சொல்ல வேண்டும் என்பது ஒரு கணம் மறந்துவிட்டது. பிறகு நினைவு வந்தது. குளத்துப் பக்கம் பனியில் தொப்பிகள் நகர்ந்துகொண்டிருந்தன. ஒன்று சாயாமல் நின்றது.

பலகையை வருடக் கடைசியில் வந்து எடுத்துப்போனார்கள். கண்ணாடிக்குள் நன்றாகத்தான் இருக்கிறது, கீழே விளக்கெல்லாம் போட்டிருக்கிறார்கள். நகல் பலகை பார்க்க அச்சாக அப்படியே. ஆனால் கனமில்லை. ஒட்டுப் பலகையோ என்னவோ. காற்றடித்தால் கதவில் டக் டக்கென்று தட்டும். முதலில் தொந்தரவாக இருந்தது. இப்போது படுத்துக்கொண்டே இன்று முறை எந்த வீட்டில் என்று சொல்லிவிடலாம். சத்தம் மேற்கேயிருந்து ஒவ்வொரு வீடாக வரும். மூன்றாம் வீட்டுக்கு வரும். ஃபுய்-லினுக்கு இன்றுவரை யாரும் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இன்று காலை சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது. டக் டக். பிறகு கெட்டில் விசில்.